தமிழ் வாசகனின் விலை

காலையில் வாசலில் வந்து விழும் தினசரியை நாம் காசு கொடுத்து வாங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். மாதம் பிறந்ததும் பேப்பர் போடும் தம்பி ரசீதுப் புத்தகத்தோடு வந்து நின்றால், "போன மாசம் ரெண்டு நாள் வரலையே" என்று கணக்கும் கேட்கிறோம். உண்மையில் நாம் கொடுக்கும் காசு, அந்தக் காகிதத்துக்கும் அச்சு மைக்கும் கட்டினாலே பெரிய விஷயம். நிருபர் சம்பளம், இயந்திரம், ராத்திரி முழுக்க ஓடும் வேன் வாடகை, ஏஜெண்டு கமிஷன் இதையெல்லாம் கட்டுவது ஜவுளிக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும்தான். பத்திரிகை ஆபீசில் இரண்டு வியாபாரம் நடக்கிறது. நமக்குச் செய்தியை விற்பது ஒன்று. நம்முடைய கண்களை விளம்பரக்காரருக்கு விற்பது இன்னொன்று. பணம் இருப்பது இரண்டாவதில்.

அந்த இரண்டாவது வியாபாரத்தில் தமிழ் வாசகனுக்கு எப்போதுமே மட்டமான விலைதான் போடப்பட்டது. இன்றைக்கு இணையதளம் நடத்தும் பிள்ளைகள், விளம்பர வருமானத்தைக் கூட்டுவது எப்படி, அதற்கு என்ன கருவி, என்ன சூத்திரம் என்று ஆளாளுக்குத் தேடுகிறார்கள். அவர்கள் தேடுகிற சூத்திரங்களில் பாதி நம் தாத்தா காலத்திலேயே மவுண்ட் ரோட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை. அந்தக் கதையைத்தான் இன்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கதை மவுண்ட் ரோட்டில் ஆரம்பிக்கவில்லை. பாரிசில் ஆரம்பிக்கிறது. நான் படித்தது பிரெஞ்சு வழியில் என்பதால் எமில் த ழிரார்தேன் என்ற பெயர் எனக்குப் பழக்கம். அந்த மனிதர் 1836 ஜூலை 1-ம் தேதி 'லா பிரெஸ்' என்று ஒரு தினசரியை ஆரம்பித்தார். அப்போது பாரிஸ் பத்திரிகைகளுக்கு வருட சந்தா 80 பிராங்க். கட்சிக்காரர்களும் பணக்காரர்களும் மட்டுமே கட்டக்கூடிய தொகை. ழிரார்தேன் 40 பிராங்க் என்று அறிவித்தார். நஷ்டத்தை எப்படிச் சரிக்கட்டுவது? சந்தா பாதியானால் வாசகர்கள் பல மடங்காவார்கள், வாசகர்கள் பல மடங்கானால் விளம்பரக்காரர்கள் அதிக விலை கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. அதே நாளில் 'லெ சியெக்ல்' என்ற இன்னொரு பத்திரிகையும் அதே விலையில் வந்தது. வாசகர்களைப் பிடித்துவைக்க ழிரார்தேன் தொடர்கதை போட்டார். அந்த வருடமே பால்சாக்கின் நாவல் ஒன்று 'லா பிரெஸ்'ஸில் தொடராக வந்தது. நம் ஊர் வாரப் பத்திரிகைகளின் தொடர்கதைக்கு மூத்த அண்ணன் அதுதான்.

பழைய பத்திரிகைக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. சண்டை முற்றி, 'லெ நாசியொனால்' பத்திரிகையின் ஆசிரியர் அர்மான் கரேலும் ழிரார்தேனும் அதே ஜூலை மாதம் துப்பாக்கியோடு நேருக்கு நேர் நின்றார்கள். ழிரார்தேனுக்குத் தொடையில் குண்டு. கரேல் செத்தே போனார். சந்தா பாதி, மீதி விளம்பரம் என்ற ஏற்பாடு பிறந்த மாதத்திலேயே ஒரு நல்ல பத்திரிகையாளரின் உயிரை வாங்கிவிட்டது.

பிரெஞ்சில் விளம்பரத்துக்கு அப்போது இரண்டு வார்த்தைகள் இருந்தன. கோடு போட்டுக் கட்டம் கட்டி, "இது விளம்பரம்" என்று பார்த்தவுடனே தெரிகிற மாதிரி போடுவது 'அனோன்ஸ்'. செய்தி மாதிரியே எழுதி, காசு வாங்கிக்கொண்டு செய்திக்கு நடுவிலே நுழைப்பது 'ரெக்லாம்'. அனோன்ஸைவிட ரெக்லாமுக்கு ரேட் அதிகம். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கும் தேர்தல் சமயத்தில் பார்க்கிறோமே!

சென்னைக்கு வருவோம். 1785-ல் ஆரம்பித்த 'மெட்ராஸ் கூரியர்' காலத்திலிருந்தே இங்கே ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிரச்சினையே இல்லை. கம்பெனி உத்தியோகஸ்தர்கள், கப்பலில் வந்த சரக்கு, ஏலம், வீடு வாடகை எல்லாம் அதிலேயே. பின்னால் வந்த 'இந்து'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1878-ல் ஆறு இளைஞர்கள் கடன் வாங்கிய 1 ரூபாய் 12 அணாவில் 80 பிரதி அச்சடித்து ஆரம்பித்தது. 1905-ல் கஸ்தூரிரங்க அய்யங்கார் வாங்கும்போது விற்பனை 800 பிரதிக்கு இறங்கியிருந்தது. அவர் வந்ததும் கண்டிப்பாக இருந்தது இரண்டு விஷயத்தில்: சந்தாவை முன்பணமாக வாங்குவது, விளம்பரத்தை ஒழுங்காகச் சேர்ப்பது. அந்தப் பத்திரிகையின் முதல் பக்கம் 1958 வரைக்கும் முழுக்க விளம்பரமாகவே இருந்தது என்பதை என் வயதுக்காரர்களில் சிலர் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பார்கள். செய்தி வேண்டுமானால் தாளைப் புரட்ட வேண்டும். லண்டன் 'டைம்ஸ்' இந்த வழக்கத்தை விட்டது 1966-ல்தான்.

தமிழ்ப் பத்திரிகைகளின் பாடு வேறு. 1882-ல் ஆரம்பித்த 'சுதேசமித்திரன்' படித்தவர்களும் வியாபாரிகளும் வாங்குகிற பத்திரிகையானாலும், வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் சரக்கை வாங்குபவர் ஆங்கிலம் தெரிந்தவர் என்றே முடிவு கட்டியிருந்தன. தமிழில் விளம்பரம் செய்ய வந்தவர்கள் தைலக்காரர்கள், லேகியக்காரர்கள், பஞ்சாங்கக்காரர்கள். பழைய பிரதிகளைப் புரட்டினால் பாதிப் பக்கம் தாது புஷ்டி லேகியமாகத்தான் இருக்கும். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். வேறு யாரும் நம்மிடம் வராத காலத்தில் நம்மை மதித்து வந்தவர்கள் அவர்கள்தான்.

அவர்களில் ஒருவர் ஒரு படி மேலே போனார். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு. 1893-ல் பம்பாயில் 'அமிர்தாஞ்சன்' தலைவலித் தைலத்தை ஆரம்பித்தவர். சங்கீதக் கச்சேரிகளில் வாசலில் நின்று இலவசமாகக் கொடுத்தே பரப்பினார் என்பார்கள். தைலம் நன்றாக விற்றதும், பத்திரிகைகளுக்கு விளம்பரக் காசு கொடுத்துக்கொண்டே இருப்பானேன் என்று நினைத்தாரோ என்னவோ, 1908-ல் 'ஆந்திர பத்திரிகா'வைச் சொந்தமாகவே ஆரம்பித்தார். 1914-ல் சென்னைக்கு வந்து அதைத் தினசரியாக்கினார். தெலுங்கு தேசத்தின் அரசியலையே அந்தப் பத்திரிகை வளர்த்தது. தலைவலித் தைலம் போட்ட அஸ்திவாரம் அது.

விளம்பரத்தை நம்பாமலே நடத்திப் பார்த்தவர்களும் உண்டு. பாரதியாரின் 'இந்தியா' வாரப் பத்திரிகை வாசகனின் சட்டைப் பையைப் பார்த்துச் சந்தா வைத்தது. கவர்ன்மெண்டுக்கு வருடம் 50 ரூபாய், ஜமீன்தார்களுக்கும் ராஜாக்களுக்கும் 30, மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15, மற்றவர்களுக்கு 3 ரூபாய். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே விலை என்பதை நியாயம் என்று நாம் நினைக்கிறோம், அவர் நினைக்கவில்லை. ஆனால் கவர்ன்மெண்டோ சந்தா கட்டுவதற்குப் பதில் போலீசை அனுப்பியது. சட்டப்படி பொறுப்பாளராகப் பதிவாகியிருந்த எம். சீனிவாசன் 1908-ல் ராஜத்துரோக வழக்கில் பிடிபட, பத்திரிகை புதுச்சேரிக்குப் போனது. பிரிட்டிஷ் எல்லைக்குள் வர விடாமல் தடுத்ததும் சந்தாதாரர்களும் இல்லை, காசும் இல்லை. 1910-ல் நின்றது.

காந்திஜி இன்னும் கறார். 1919-ல் கைக்கு வந்த 'யங் இந்தியா'விலும் 'நவஜீவ'னிலும் விளம்பரமே போட மாட்டேன் என்றார். ஆனால் ஒன்று: அவருக்கு ஆயிரக்கணக்கில் சந்தாதாரர்கள் இருந்தார்கள். மகாத்மாவுக்குச் செல்லுபடியாகிற யோசனை மற்றவர்களுக்குச் செல்லவில்லை. பின்னால் 'மணிக்கொடி' முதல் 'எழுத்து' வரை எத்தனையோ நல்ல பத்திரிகைகள் காசில்லாமல் நின்றதைப் பார்த்தோம். சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தார்.

தமிழ் வாசகனின் விலையை நிஜமாகவே உயர்த்தியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நான் எஸ்.எஸ். வாசனைத்தான் சொல்லுவேன். அவர் எழுத்தாளராகப் பத்திரிகைக்குள் வரவில்லை. விளம்பர ஏஜெண்டாக வந்தார் என்பதுதான் விஷயமே. திருத்துறைப்பூண்டியிலிருந்து விதவைத் தாயாரோடு சென்னைக்கு வந்த பையன். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்பது, தபால் மூலம் சாமான் விற்பது என்று தொழில் செய்தார்.

இந்தத் தபால் வியாபாரத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நம் சின்ன வயதில் வி.பி.பி. என்றால் எல்லோருக்கும் தெரியும். பத்திரிகையில் விளம்பரத்தைப் பார்த்து ஒரு கார்டு எழுதிப் போட்டால் சாமான் தபாலில் வரும். தபால்காரரிடம் காசைக் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் வியாபாரிக்கு ஒரு பெரிய சௌகரியம். எந்தப் பத்திரிகையில் போட்ட விளம்பரத்துக்கு எத்தனை கார்டு வந்தது என்று எண்ணிவிடலாம். விலாசத்தில் 'டிபார்ட்மெண்ட் 3', 'டிபார்ட்மெண்ட் 4' என்று பத்திரிகைக்கு ஒரு நம்பர் வைத்தால் போதும். நூறு கார்டு வந்தால் அந்தப் பத்திரிகைக்கு அடுத்த மாதமும் விளம்பரம்; நாலு கார்டு வந்தால் கும்பிடு. இப்போது கம்ப்யூட்டரில் 'கிளிக்' எண்ணுகிறார்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நம்மவர்கள் தபால்கார்டை எண்ணினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

வாசன் விளம்பரம் கொடுத்துவந்த பத்திரிகைகளில் ஒன்று 1926-ல் ஆரம்பித்த 'ஆனந்தவிகடன்'. அது ஒழுங்காக வராமல் தடுமாற, என்ன ஏது என்று விசாரிக்கப் போனவர் 1928-ல் அதையே விலைக்கு வாங்கினார். பெயரில் எட்டு எழுத்து, எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் என்று அந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். வாங்கியவுடன் அவர் செய்த காரியங்கள் எல்லாமே ஒரு விளம்பர ஏஜெண்டு செய்யக்கூடியவை. முதலில் வாசகர் எண்ணிக்கையைக் கூட்டு. விளம்பரம் தானே வரும். ஹாஸ்யத்துக்குக் கல்கி கிருஷ்ணமூர்த்தி, அட்டைக்கும் ஜோக்குக்கும் நல்ல சித்திரக்காரர்கள், அதற்கும் மேலே குறுக்கெழுத்துப் போட்டி.

குறுக்கெழுத்துப் போட்டியைப் பற்றி இன்றைய தலைமுறைக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கட்டத்தை நிரப்பி, பத்திரிகையில் வரும் கூப்பனோடு நுழைவுக் கட்டணமும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒரு ஆள் எத்தனை விடை வேண்டுமானாலும் அனுப்பலாம், ஆனால் கூப்பன் வேண்டும். கூப்பன் வேண்டுமென்றால் இன்னொரு பிரதி வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் பரிசு. அந்தக் காலத்து ஆயிரம்! ஊர் ஊராக ஜனங்கள் பைத்தியமாக அலைந்தார்கள். இது சூதாட்டம்தான் என்று பெரியவர்கள் திட்டினார்கள், திட்டியதில் நியாயமும் இருந்தது. கடைசியில் 1955-ல் பரிசுப் போட்டிகள் சட்டம் என்று ஒன்று வந்து, மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கொடுக்கும் போட்டிகளுக்குத் தடை போட்டது. ஆனால் அதற்குள் தமிழ்நாட்டில் வாரப் பத்திரிகை வாங்குகிற பழக்கம் குடும்பம் குடும்பமாக ஊறிவிட்டது. போட்டிக்காக வாங்கிய வீட்டில் பெண்கள் தொடர்கதை படித்தார்கள். பெண்கள் படிக்கிறார்கள் என்று தெரிந்ததும் சோப்பு, கூந்தல் தைலம், கிரைப் வாட்டர், புடவை விளம்பரங்கள் வரிசையாக வந்தன. லேகியம் பின்னுக்குப் போனது.

விளம்பரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு அத்தாட்சி. கல்கி விகடனை விட்டு வெளியே வந்து 1941-ல் சொந்தப் பத்திரிகை ஆரம்பித்தபோது கூடவே இருந்தவர் டி. சதாசிவம், விகடனில் விளம்பரப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர். மூலதனத்துக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தது ஊரறிந்த விஷயம். எழுதுவதற்கு ஒருவர், விளம்பரம் பிடிப்பதற்கு ஒருவர், ஆரம்பிப்பதற்கு ஒரு பாட்டு. 'கல்கி' நிலைத்ததற்கு இந்த மூன்றில் எது குறைந்திருந்தாலும் கஷ்டம்தான்.

தீபாவளி மலர்களை மறக்க முடியுமா? வழவழப்பான ஆர்ட் பேப்பரில் கலர் படங்கள், பெரிய எழுத்தாளர்களின் கதைகள். அந்த மலரைக் கையில் எடுத்தால் கனக்கும். கனத்தில் ஒரு பங்கு கதை, மிச்சம் ஜவுளி, நகை, வங்கி. "தொடர்ச்சி 187-ம் பக்கம்" என்று போட்டு நம்மைப் பின்பக்கத்துக்குத் துரத்துவார்கள். கதை அங்கே ஒரு மெல்லிய பத்தியாக ஓடும், இரண்டு பக்கமும் விளம்பரம். இணையதளத்தில் கட்டுரையைப் பத்துத் துண்டாக்கி 'அடுத்த பக்கம்' என்று அழுத்தச் சொல்வதை எரிச்சலோடு சொல்கிறவர்கள், அந்த 187-ம் பக்கத்தை நினைத்துப் பார்க்கட்டும்.

இவ்வளவு வாசகர்கள் வந்த பிறகும் விலை மட்டும் ஏன் ஏறவில்லை?

முதல் காரணம் நம்பிக்கையின்மை. பத்தாயிரம் அச்சடித்து, ஐம்பதாயிரம் என்று சொல்லி விளம்பரம் வாங்குவது எல்லா மொழிகளிலும் இருந்தது. அதனால்தான் 1948-ல் 'ஆடிட் பீரோ ஆஃப் சர்குலேஷன்ஸ்' என்று பத்திரிகைகளும் விளம்பரக்காரர்களும் சேர்ந்து ஒரு தணிக்கை அமைப்பை உண்டாக்கினார்கள். அச்சடித்த கணக்கு செல்லாது. திரும்பி வந்த பிரதியைக் கழித்து, காசு கொடுத்து வாங்கிய பிரதியை மட்டும் ஆடிட்டர் எண்ணுவார். 1942-ல் மதுரையில் ஆதித்தனார் ஆரம்பித்த 'தந்தி'யும், 1947-ல் எஸ்.ஏ.பி. அண்ணாமலை ஆரம்பித்த 'குமுத'மும் பின்னாளில் லட்சக்கணக்கில் விற்றன. ஆங்கிலப் பத்திரிகைகள் எட்டிப் பார்க்க முடியாத எண்ணிக்கை.

எண்ணிக்கை நிரூபணமானதும் விளம்பர ஏஜென்சிகள் வேறு பாட்டுப் பாடின. "உங்கள் வாசகர் அதிகம்தான், ஆனால் வாங்கும் சக்தி இல்லையே" என்றார்கள். பெரிய ஏஜென்சிகளின் தலைமை எல்லாம் பம்பாயில். 1929-ல் வந்த ஜே. வால்டர் தாம்சன் மாதிரி வெளிநாட்டுக் கம்பெனிகளும், அவர்களைப் பார்த்து நடந்த உள்ளூர்க் கம்பெனிகளும் ஆங்கிலத்திலேயே விளம்பரத்தை எழுதி, கடைசியில் தமிழ்ப்படுத்தச் சொல்லி அனுப்பும். ஏஜென்சிக்குக் கமிஷன் 15 சதவீதம். பெரிய ரேட்டில் 15 சதவீதம் வருமா, சின்ன ரேட்டில் வருமா? ஆங்கிலப் பத்திரிகையைச் சிபாரிசு செய்வதில்தான் அவர்களுக்கும் லாபம். 1973-ல் ஆர்.கே. சுவாமி சென்னையிலேயே தலைமையிடம் வைத்து ஏஜென்சி ஆரம்பித்தது ஒரு பெரிய மாறுதல் என்று அதனால்தான் சொல்கிறேன்.

இந்த ரேட் வித்தியாசத்தை நான் சர்க்கார் மேஜையில் உட்கார்ந்தே பார்த்தவன். டெண்டர், ஏலம், நில எடுப்பு அறிவிப்புகள் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாகப் பத்திரிகைகளுக்குப் போகும். பில் வரும்போது கோப்பில் பார்ப்பேன். ஒரே வாசகம், ஒரே அளவு, காலம் சென்டிமீட்டர் கணக்கு. விற்பனையோடு ஒப்பிட்டால் ஆங்கிலப் பத்திரிகைக்கு ஒரு வாசகருக்கு விழும் தொகை தமிழுக்கு விழுவதைவிட எவ்வளவோ கூட. பனைமரக் குத்தகையை ஆங்கிலப் பத்திரிகை பார்த்து எடுக்க வந்த ஆளை என் சர்வீசில் நான் கண்டதில்லை. கிராமத்தில் அந்தச் செய்தியை உண்மையிலேயே சேர்த்தது தண்டோரா. 2022-ல் அரசே அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொன்னது. அடிக்கிறவரின் கௌரவத்தை நினைத்தால் சரியான உத்தரவுதான்.

சர்க்கார் விளம்பரம் என்பது வருமானம் மட்டுமல்ல, கடிவாளமும்கூட. எமர்ஜென்சி காலத்தில் பிடிக்காத பத்திரிகைகளுக்கு விளம்பரத்தை நிறுத்தினார்கள். அதற்கு முன்பே வேறு வழியிலும் முயன்றார்கள். எத்தனை பக்கத்துக்கு என்ன விலை வைக்கலாம், விளம்பரத்துக்கு எவ்வளவு இடம் விடலாம் என்று மத்திய அரசு 1956-ல் சட்டமும் 1960-ல் உத்தரவும் போட்டது. சின்னப் பத்திரிகைகளைக் காப்பாற்ற என்று காரணம். புனேயின் மராத்திப் பத்திரிகை 'சகாள்' வழக்குப் போட்டது. விளம்பரத்தை வெட்டினால் விலை ஏறும், விலை ஏறினால் வாசகர் குறைவார், வாசகர் குறைந்தால் அது பேச்சுரிமையை வெட்டியதாகும் என்று 1961-ல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தைத் தள்ளியது. ழிரார்தேனின் 1836 கணக்கு, 125 வருடம் கழித்து டில்லியில் அரசியல் சட்ட வாதமாகிவிட்டது!

வானொலியில் இதைவிட வேடிக்கை. நம் ஆகாசவாணி விளம்பரம் கிடையாது என்றது. ஐம்பதுகளில் சினிமாப் பாட்டையும் ஓரம் கட்டியது. தமிழ்நாட்டு ஜனங்கள் ஊசியைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். மயில்வாகனனின் குரல் யாருக்கு மறக்கும்? நம்மூர்க் கம்பெனிகள் நம்மூர் வாசகருக்கு, மன்னிக்கவும், நேயருக்கு விளம்பரம் செய்யக் கொழும்புக்குப் பணம் அனுப்பின. விவித்பாரதியில் விளம்பரம் 1967-ல்தான் பம்பாயில் ஆரம்பித்து மெதுவாக இங்கே வந்தது.

விலை ஏறுவதற்கு வழி காட்டியவர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கம் போனால் அடுத்தது தடா, ஆந்திரா. அங்கே 'ஈநாடு' என்று ராமோஜி ராவ் 1974-ல் விசாகப்பட்டினத்தில் ஆரம்பித்த பத்திரிகை, 1989-ல் மாவட்டத்துக்கு மாவட்டம் தனி இணைப்புப் போட ஆரம்பித்தது. மாநிலம் முழுக்க வரும் பக்கத்தில் விளம்பரம் போட ஒரு சின்ன ஊர் ஜவுளிக்கடைக்குக் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. மாவட்ட இணைப்பு என்றால் தன் ஊர் ஜனங்கள் மட்டும் பார்ப்பார்கள், ரேட்டும் குறைவு. கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர், நர்சிங் ஹோம் எல்லாம் வந்தன. ஆஸ்திரேலியப் பேராசிரியர் ராபின் ஜெஃப்ரி இந்தியப் பத்திரிகைகளின் வளர்ச்சி பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த மாவட்டப் பக்கங்களைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறார். பம்பாய் ஏஜென்சிக்கு மட்டமாகத் தெரிந்த வாசகன், தன் தெரு முனைக் கடைக்காரருக்குத் தங்கமாகத் தெரிந்தான். தமிழ்த் தினசரிகளும் அதே மாதிரி மாவட்ட இணைப்புகள் போட்டன. நம் திருவள்ளூர் மாவட்டம் 1997-ல் பிரிந்த பிறகு நமக்கென்றும் பக்கம் கிடைத்தது.

நம் ஆரணிக்கு அதிலும் ஒரு சங்கடம். ஆரணி என்றால் பட்டுச் சேலை என்றே உலகம் நினைக்கிறது. அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நாம் ஆரணியாற்றங்கரை ஆரணி, பெரியபாளையத்துப் பவானி அம்மனுக்குப் பக்கத்து ஊர். கம்ப்யூட்டர் விளம்பரத்துக்கும் இது தெரிவதில்லை. நான் செய்தி படிக்கத் திறந்தால் அந்த ஆரணியின் பட்டு மாளிகைதான் வந்து நிற்கிறது.

கம்ப்யூட்டர் கதையையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் முதல் பட்டை விளம்பரம் அமெரிக்காவில் 1994 அக்டோபரில் வந்தது. 2003-ல் கூகுள் 'ஆட்சென்ஸ்' என்று ஒரு ஏற்பாடு செய்தது. யார் வேண்டுமானாலும் தன் தளத்தில் இடம் விட்டால், கூகுளே விளம்பரம் பிடித்துப் போட்டு, வருவதில் ஏறக்குறைய 68 சதவீதத்தைத் தளக்காரருக்குக் கொடுக்கும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். ஆனால் தமிழ்த் தளங்களுக்கு இது அதிகாரபூர்வமாகக் கிடைத்தது 2018 பிப்ரவரியில். பதினைந்து வருடம் வாசலில் நின்றோம். இந்தி 2014-லேயே உள்ளே போய்விட்டது.

உள்ளே போனபின் கிடைக்கும் ரேட்டைக் கேட்டால் பழைய கதைதான். இங்கே விலையை ஏலம் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு தடவை பக்கம் திறக்கும்போதும் கண் இமைக்கும் நேரத்துக்குள் ஒரு ஏலம். ஏலம் எனக்குப் பழக்கமான விஷயம். புளியமரம் எவ்வளவு காய்த்திருந்தாலும் கேட்க வந்தவர்கள் இரண்டு பேர்தான், அவர்களும் முதல் நாள் ராத்திரியே பேசி வைத்துக்கொண்டவர்கள் என்றால் சர்க்கார் மதிப்புக்குமேல் ஒரு ரூபாய்கூட ஏறாது. தமிழ்ப் பக்கத்துக்கு ஏலம் கேட்பவர்கள் குறைவு. வீட்டுக் கடன், காப்பீடு பற்றி எழுதினால் கேட்க ஆள் உண்டு, ரேட் ஏறும். கவிதை எழுதினால் கேட்க ஆளில்லை. விளம்பரத்தைக் கட்டுரைக்கு நடுவிலே வை, பக்கம் சட்டென்று திறக்கும்படி செய், உன் விளம்பரத்தை நீயே அழுத்தாதே, அழுத்தினால் கணக்கை மூடிவிடுவார்கள் என்றெல்லாம் சொல்லித் தருகிறார்கள். எல்லாம் சரியான யோசனைகள்தான். கடைசி யோசனை, திரும்பி வந்த பிரதியை விற்றதாகக் கணக்குக் காட்டாதே என்ற 1948-ம் வருட யோசனை.

ஆனால் ஏலத்துக்குக் கூடுதல் ஆள் வருவதற்குக் கருவி ஒன்றும் இல்லை. பொன்னேரி பர்னிச்சர் கடைக்காரரும் ஊத்துக்கோட்டை விதைக் கடைக்காரரும் ஏலம் கேட்க வந்தால்தான் ஏறும். சிப்காட்டைப் பாருங்கள். அங்குள்ள கம்பெனிகளுக்கு மேனேஜர் வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் விளம்பரம், ஹெல்ப்பர் வேண்டுமென்றால் மின்கம்பத்தில் தமிழ் நோட்டீஸ். நோட்டீஸ் ஒட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு வாளிப் பசை. ஆனால் ஆள் கிடைப்பது அதில்தான்.

பெரியபாளையத்து ஆடித் திருவிழா சமயத்தில் நம் வீட்டு வாசலில் விழும் தினசரியைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே மூன்று நாலு துண்டு நோட்டீஸ் இருக்கும்: புதுத் துணிக்கடை, மனைப்பிரிவு, கண் பரிசோதனை முகாம். விடியற்காலையில் கட்டுப் பிரிக்கும்போது பையன்கள் செருகுவது. நூற்றுக்கு இவ்வளவு என்று அதற்கு ரேட் பேசுவது ஏஜெண்டு. அந்தக் காசில் சென்னை ஆபீசுக்கு ஒரு பைசா போவதில்லை. நோட்டீஸ் கொடுத்த கடைக்காரர் சாயங்காலமே "பேப்பர்ல பாத்துட்டு வந்தீங்களா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு எண்ணிக்கொள்கிறார்.